காற்றின் வழியும் கைப்பிடியும்: ஒரு சன்னல் உறுப்பின் வரலாறு

கடந்த இடவப்பாதி மழையின்போது, திருவனந்தபுரத்தில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் மேற்குச் சன்னலைச் சாத்துவதற்காக இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. சன்னல் ஆஞ்சிலி மரத்தால் ஆனது, கைப்பிடி இரும்பு. மரம் உறுதியாக இருந்தது. இரும்பு தாள்தாளாக உரிந்திருந்தது. மறுநாள் சாலைக் கடைவீதிக்குச் சென்று சன்னல் கைப்பிடி வேண்டுமென்று கேட்டேன். கடையிலிருந்த முதியவர் என் மலையாளத்தைக் கேட்டதுமே தென் திருவிதாங்கூர்த் தமிழுக்கு மாறி, "பிடியா, கொளுத்தா, குற்றியா? பேரைச் சொன்னாத்தானே மக்கா எடுக்க முடியும்?" என்றார்.

மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கு உடனடியாக விடை சொல்ல இயலவில்லை. நான் ஒரே சொல்லால் குறித்தவை மூன்று தனிப் பொருள்கள். பிடி என்பது கதவை இழுப்பதற்கு. கொளுத்து என்பது திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் நிறுத்துவதற்கு. குற்றி என்பது சாத்திய கதவைச் சட்டத்தோடு பிணைப்பதற்கு. தமிழிலும் கைப்பிடி, கொக்கி, தாழ்ப்பாள் என மூன்று பெயர்கள் உண்டு. அந்த வேறுபாட்டைப் பேணும் தேவை என் வாழ்க்கையில் இதுவரை எழுந்ததில்லை, அவ்வளவே.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது இக்கட்டுரை. இதன் வாதம் எளியது. சன்னலுக்குக் கைப்பிடி என்பது இயல்பான உறுப்பன்று. சன்னல் காற்றின் வழியாகவோ பல கண்களாகவோ எண்ணப்பட்டவரை அதனைப் பிடித்திழுக்க வேண்டிய தேவை எழவில்லை. அது ஒரு சிறு கதவாக ஆனபோதுதான் பிடியும் கொளுத்தும் குற்றியும் வேண்டியிருந்தன. இந்த மாற்றத்தின் தடங்கள் தமிழ், மலையாளச் சொற்களில் இன்றும் தெளிவாகக் கிடக்கின்றன. உடைந்த கைப்பிடியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிவதும், முடியாமற்போவதும் அதே வரலாற்றின் தொடர்ச்சிதான்.

1. மூன்று பெயரிடு முறைகள்

சன்னலுக்கு நம் மொழிகளில் வழங்கிய பெயர்களை அவை சுட்டும் கருத்தின் அடிப்படையில் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, காற்றை முன்னிறுத்தும் பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டும் சேர்ந்து காலதர். ஆங்கிலத்தின் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றுக்கண்' எனப் பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லின் வழிவந்ததே. உறவில்லாத இரு மொழிகள் ஒரே அனுபவத்திலிருந்து பெயரிட்டிருக்கின்றன.

இரண்டாவது, துளைகளை முன்னிறுத்தும் பெயர். பல கண்களை உடையது பலகணி. சாளரம், சாலகம், ஜாலகம் ஆகியவற்றை வலை எனப் பொருள்படும் ஜாலம் என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். சிலப்பதிகாரத்தில் காலதர், சாளரம் ஆகிய இரு சொற்களும் இடம்பெறுகின்றன. காலதரின் துளைக்கு மானின் கண் அங்கே ஒப்பாகிறது. அந்த ஒப்புமை கூறுவது பின்னல் வேலைப்பாட்டையே அன்றித் திறந்து மூடும் பலகையை அன்று.

மூன்றாவது, கதவை முன்னிறுத்தும் பெயர். சன்னல் என்பது போர்த்துக்கீசியச் சொல்லான ஜனேலாவிலிருந்து வந்தது. அதன் மூலம் இலத்தீனில் கதவு எனப் பொருள்படும் சொல்லின் சிறுமைப் பெயர். ஆகவே ஜனேலா என்பது பொருளளவில் 'சிறு கதவு'. மலையாளத்தில் வழங்கும் கிளிவாதில் என்னும் சொல்லின் பின்பகுதியான வாதிலும் கதவையே குறிக்கிறது.

முதலிரண்டு வகைப் பெயர்கள் சுவரிலுள்ள ஓர் இடைவெளியைச் சுட்டுகின்றன. மூன்றாவது வகை அவ்விடைவெளியை மூடும் பொருளைச் சுட்டுகிறது. இடைவெளிக்குக் கைப்பிடி தேவையில்லை. மூடும் பொருளுக்குத் தேவை.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு சொல் கடனாக வந்தது என்பதாலேயே அது குறிக்கும் பொருள் அதற்கு முன் இங்கு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கதவுள்ள சன்னல்கள் முன்னரும் சில இடங்களில் இருந்திருக்கலாம். நான் சொல்வது, எது இயல்பான வடிவம் என்று கருதப்பட்டதோ அது மாறியது என்பதே. காலதரும் சாளரமும் செய்யுள் வழக்காக ஒதுங்க, பேச்சுவழக்கு முழுவதையும் 'சிறு கதவு' கைப்பற்றிக்கொண்டது என்பதை வேறு எவ்வாறும் விளக்குவது கடினம்.

பழைய வடிவத்தைக் கண்ணால் காண விரும்புவோர் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. 1956இல் கல்குளம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனையைக் கேரள அரசே பராமரிக்கிறது. அதன் மந்திரசாலையில் சாய்வான மரச்சட்டங்களின் இடுக்குகள் வழியாகக் காற்று வருகிறது. வண்ண அபிரகத் தகடுகள் வெயிலை மென்மையாக்கி உள்ளே விடுகின்றன. காற்று வருவதற்காக யாரும் எதையும் இழுத்துத் திறக்க வேண்டியதில்லை.

2. எது கடன், எது சொந்தம்

அவ்வாறானால் தாழும் பூட்டும் நமக்குப் புதியனவா? இல்லை. வாயிற்கதவுக்கு அவை மிகத் தொன்மையானவை. திருக்குறளின் அன்புடைமை அதிகாரம் தாழ் என்னும் சொல்லைக் கையாள்கிறது. அதைவிடவும் மொழியியல் மாணவர்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது தொல்காப்பியம். எழுத்ததிகாரத்தில், தாழ் என்னும் சொல் கோல் என்னும் சொல்லோடு புணரும்போது இடையே அக்குச் சாரியை வருதலும் உண்டு என்று ஒரு தனி நூற்பாவே இருக்கிறது. அதன்படி தாழக்கோல் என்ற வடிவம் கிடைக்கிறது. சாரியை பெறாதபோது தாழ்க்கோல். ஒரு கூட்டுச்சொல்லுக்குத் தனி விதி வகுக்க வேண்டுமானால் அது அன்றாடம் வழங்கிய சொல்லாக இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தாழ்க்கோல்தான் ககரத்துக்கு முன் ழகரத்தை இழந்து தாக்கோல் என்று மலையாளத்தில் நிற்கிறது. திருவனந்தபுரத்தில் வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் 'தாக்கோல் காணவில்லை' என்றுதான் சொல்கிறார். தமிழகத்தில் நாம் அதே இடத்தில் சாவி என்கிறோம்; அது போர்த்துக்கீசியச் சொல்லான ஷாவேயின் வழிவந்தது. திறவுகோல் என்ற சொல்லை நாம் எழுத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

இதனைக் கொண்டு ஓர் எளிய சோதனை செய்யலாம். சன்னலின் உறுப்புகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் பெயரும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிடி, கொளுத்து, குற்றி, தாழ்ப்பாள், கொண்டி ஆகியவை நம் மொழிகளின் சொற்கள். தாழ்ப்பாளின் முனையை ஏற்கும் வளையத்துக்கு நாதாங்கி என்று பெயர், நாவைத் தாங்குவது. இவையெல்லாம் வாயிற்கதவிலிருந்து சன்னலுக்கு இறங்கிவந்த பெயர்கள். ஆனால் கதவைச் சட்டத்தோடு இணைக்கும் உறுப்பை மலையாளம் விஜாகிரி என்கிறது; அது போர்த்துக்கீசியத்தின் பிசாக்ரா.

ஏன் அது மட்டும் கடனாக வந்தது? பழைய கதவு அவ்வுறுப்பை அறியாமலே திரும்பியது என்பதுதான் காரணம் என்று கருதுகிறேன். கதவுப்பலகையின் ஒரு பக்கத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளைக்குத் தமிழில் குடுமி என்று பெயர், மலையாளத்தில் குடும. அக்குடுமிகள் மேலும் கீழும் உள்ள குழிகளில் அமர்ந்து சுழலும். இரும்பும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம். தாழ் ஏற்கெனவே இருந்ததால் அதன் பெயர் நிலைத்தது. சட்டத்தில் அறையப்படும் உலோக மூட்டு புதிதாகையால் அதன் பெயரும் கூடவே கரையேறியது. தமிழ் இவ்விடத்தில் வேறு வழியில் சென்றது. உடலின் மூட்டைக் குறிக்கும் கீல் என்ற சொல்லையே கதவின் மூட்டுக்கும் வழங்கியது. கீல்வாதத்தில் இருப்பதும் அதே கீல்தான். புதிய பொருளை எதிர்கொண்ட இரு உடன்பிறப்பு மொழிகளில் ஒன்று சொல்லைக் கடன்வாங்கியது. மற்றொன்று இருந்த சொல்லின் பொருளை விரித்தது.

இச்சொற்கள் நூல்வழி வந்தவை அல்ல. மேசை, அலமாரி, வராந்தா முதலியவற்றைப் போலக் கரையோரத்துக் கிடங்குகளிலும் தேவாலயங்களிலும் தச்சர்களின் காதில் விழுந்து பரவியவையாகவே தோன்றுகின்றன. கொல்லத்தில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாணிபம் தொடங்கினர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் ஆங்கிலேயக் கம்பெனி ஆற்றிங்கல் ராணியிடம் இடம் பெற்று 1690களில் கோட்டை கட்டியபோது, கரையோரத் தச்சர்கள் கேட்டுப் பழகிய ஐரோப்பியச் சொற்களுக்கு நூறாண்டுகளுக்கும் மேலான வயதாகியிருந்தது.

3. திருகாணியின் வருகை

கைப்பிடியை மாற்றுதல் என்ற செயலுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: அது கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஆணியால் அறைந்து முனையை மடக்கிய உறுப்பைக் கழற்றினால் மரமும் சேர்ந்து பெயரும். கழற்றி மாட்டும் வசதியைத் தந்தது திருகாணி.

வார்ப்பிரும்புக் கீலுக்கு இங்கிலாந்தில் 1775இல் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் அன்றைய மரத் திருகாணிகளுக்குக் கூர்முனை இல்லை. முழு ஆழத்துக்கும் துளையிட்ட பிறகே அவற்றை இறுக்க முடியும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கூர்முனைத் திருகாணி செய்யும் இயந்திரம் உருவானது. அதன் பிரித்தானிய உரிமையை வாங்கி, 1854இல் பர்மிங்காம் நகரத்தை அடுத்த ஸ்மெதிக்கில் நெட்டில்ஃபோல்டும் சேம்பர்லினும் பெருந்தொழிற்சாலை தொடங்கினர். ஒரே அளவுள்ள திருகாணிகள் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியபோது, கைப்பிடி என்பது கொல்லர் ஒரு கதவுக்கென்று அடித்துத் தரும் பொருள் என்ற நிலை மாறி, கடையில் எண்ணி வாங்கும் சரக்காயிற்று.

அதே காலகட்டத்தில்தான் திருவனந்தபுரத்தின் தோற்றமும் மாறியது. தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டனின் வடிவமைப்பில் தலைமைச் செயலகம் 1869இல் திறக்கப்பட்டது. ராபர்ட் சிஷோமின் நேப்பியர் அருங்காட்சியகம் 1880இல் நிறைவுற்றது. சிஷோம் கேரள மரபின் கூரையையும் காற்றோட்டத்தையும் உள்வாங்கிக் கட்டினார். செயலகமோ முழுக்க ஐரோப்பியச் சாயல் கொண்டது. காற்றின் வழியும் சிறு கதவும் ஒரே நகரத்தில் எதிரெதிரே நின்றன.

விடுதலைக்குப் பின் இச்சரக்குகளுக்குப் பொது இலக்கணம் வந்தது. 1947இல் தோன்றி, பின்னர் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய நிறுவனம், தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 204, கதவுக் கைப்பிடிக்கு ஐ.எஸ். 208, கொண்டிக்கும் நாதாங்கிக்கும் ஐ.எஸ். 363, எஃகுக் கீலுக்கு ஐ.எஸ். 1341 எனத் தரங்களை வகுத்தது. அலிகாரில் செய்த கைப்பிடி திருவனந்தபுரத்துச் சன்னலில் பொருந்துவதற்கு அடிப்படை, இத்தகைய பொது அளவுகள்தாம். மொழியியலார் இதனை எளிதில் உணர்வர். இருவர் பேசிக்கொள்ளப் பொதுச்சொல் தேவைப்படுவதுபோல, இரு ஊரில் செய்த பொருள்கள் பொருந்தப் பொது அளவு தேவைப்படுகிறது.

4. பர்மிங்காம்காரர் ஒருவரின் மறுப்பு

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது ஒரு தற்செயல். திருகாணித் தொழிலின் தலைநகரான அதே பர்மிங்காமில் 1917இல் பிறந்தவர் லாரி பேக்கர். 1945இல் இந்தியாவுக்கு வந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில் குடியேறி, 2007இல் இந்நகரிலேயே மறைந்தார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவருடைய புகழ்பெற்ற படைப்பு. 1985இல் திருச்சூரில் அச்சுத மேனன், கே.என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்ட் நிறுவனம் அவருடைய கட்டட முறையை இன்றும் பரப்பிவருகிறது.

சன்னலைப் பற்றிப் பேக்கர் தம் கையேடுகளில் முன்வைத்த கணக்கு கறாரானது. சட்டம், கதவு, கண்ணாடி, கம்பி, கீல், தாழ், கொக்கி என்று கூட்டிப் பார்த்தால், சன்னல் அது அமர்ந்திருக்கும் சுவர்ப்பரப்பைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். ஆகவே அவர் இரு மாற்றுகளைச் சொன்னார். ஒன்று, செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கும் ஜாலி. அச்சொல் ஜாலகத்தின் உறவு, பொருளும் அதுவே. மற்றொன்று, ஒரே மரப்பலகையை நிறுத்தி, மேலும் கீழும் இரு குழிகளில் சுழலவிடும் சன்னல். சட்டமில்லை, கீலில்லை. நம் தச்சர்கள் குடுமி என்றழைத்த அதே நுட்பம்.

பேக்கர் பழைமைவாதியல்லர்; சிக்கனவாதி. ஆயினும் அவருடைய சிக்கனம் அவரை மூன்றாவது பெயரிடு முறையிலிருந்து முதலிரண்டுக்குத் திருப்பிக் கொண்டுசென்றது. 'சிறு கதவு' என்ற கருத்தைக் கைவிட்டதும் அதனோடு வந்த இரும்புச் சாமான் பட்டியல் முழுவதும் தேவையற்றதாயிற்று. தேய்ந்துபோகும் கைப்பிடிக்கு அவர் தந்த தீர்வு, கைப்பிடியே இல்லாத சன்னல்.

5. இன்றைய நிலை

ஆனால் பெரும்பாலோர் வாழ்வது பேக்கர் வீடுகளில் அல்ல. இந்நகரின் புதிய குடியிருப்புகளில் அலுமினியமும் யு.பி.வி.சி.யும் பரவிவிட்டன. நான் உடைந்த கைப்பிடியைப் பற்றிச் சொன்னபோது வீட்டுக்காரரும், 'எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அலுமினியச் சறுக்குச் சன்னல் போட்டுவிடலாம்' என்றுதான் சொன்னார். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. கடற்காற்றில் இரும்பு நிலைப்பதில்லை, மழையில் மரம் உப்புகிறது.

ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. மரச்சன்னலில் எந்தப் பிடியும் பொருந்தும்; பழைய துளை ஒத்துவராவிட்டால் அதை அடைத்துப் புதிய துளை இடலாம். உட்குழிவான அலுமினிய, நெகிழிச் சட்டங்களில் பிடி வெளியே தெரியும் நுனி மட்டுமே. பூட்டும் பொறி சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. ஐரோப்பிய அளவுமுறையில் அமைந்த கைப்பிடியாக இருந்தால், 7 மி.மீ. சதுரத் தண்டும் 43 மி.மீ. இடைவெளியில் இரு திருகாணிகளும் இருக்கும். அதற்கு மாற்று தேடுவது எளிது. சறுக்குச் சன்னல்களின் பூட்டுகளோ சட்டத்தின் வார்ப்பைப் பொறுத்து வேறுபடுகின்றன. அந்த வார்ப்பு சந்தையிலிருந்து மறைந்தால் சிறு பூட்டுக்காகக் கதவு முழுவதையும் மாற்ற நேரிடலாம். பொது அளவு இல்லாத இடத்தில் பழுதுபார்த்தலும் இல்லை.

நான் பழைய சன்னலையே வைத்துக்கொண்டேன். கடைக்காரரின் அறிவுரைப்படி பித்தளைப் பிடியும் பித்தளைத் திருகாணியும் வாங்கினேன். பித்தளைப் பிடியை இரும்புத் திருகாணியால் இறுக்கினால், ஈரம் பட்டதும் இரு உலோகங்களுக்கிடையே நிகழும் மின்வேதி வினையால் இரும்பு விரைவில் அரித்துப்போகும். பழைய பிடி கழன்றதற்கும் துருவே காரணம். தளர்ந்த துளைகளில் மரச்சீவல்களைப் பசையிட்டுச் செருகி, காய்ந்தபின் வெட்டிச் சமன்செய்து, புதிதாகத் துளையிட்டு இறுக்கினேன். ஒரு மாலைப்பொழுது ஆனது. எஃகு வாங்குவோர் கடலோரத்தில் 304 தரத்தைவிட மாலிப்டினம் கலந்த 316 தரத்தைத் தேர்வது நல்லது என்பதையும் அன்றுதான் கற்றேன்.

6. மாணவ நண்பர்களுக்கு

கடைசியாக ஒன்று. காலதர், சாளரம் ஆகியவற்றை நம் அகராதிகள் மேற்கோளோடு காத்துவைத்திருக்கின்றன. ஆனால் ஒரு தச்சர் சன்னலின் பத்து உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களை, ஊர்தோறும் வேறுபடும் வடிவங்களோடு, எவ்வளவு தூரம் பதிவு செய்திருக்கிறோம்? தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண் சொற்களோடு தொடங்கிவைத்த வட்டாரத் தொழிற்சொல் அகராதி வரிசையில், வீடு கட்டும் தொழிலுக்கும் ஒரு தொகுதி உண்டு. இதே திருவனந்தபுரத்தில் வ.அய். சுப்பிரமணியம் அவர்கள் முன்னின்று நடத்திய மலையாளக் கிளைமொழி ஆய்வு, அன்றாடச் சொற்களை ஊர் ஊராகச் சென்று கேட்டுத் தொகுத்தது. முறை நம் முன்னே இருக்கிறது, தகவலாளிகளுக்குத்தான் வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஓர் உறுப்பு உடைந்தால் அதை மட்டும் கேட்டு வாங்க வேண்டுமானால் அதற்கொரு பெயர் நம்மிடம் இருக்க வேண்டும். பெயர் மறந்தவருக்கு உறுப்பு தெரிவதில்லை. முழுச் சன்னலும்தான் தெரிகிறது. அதை மாற்றுவதே வழியென்றும் தோன்றுகிறது. அன்று கடையில் எனக்கு நேர்ந்தது அதுதான். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் தத்தம் வீட்டுச் சன்னலருகே நின்று, ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களையோ ஊர்த் தச்சரையோ கேட்டு எழுதிவாருங்கள். பெயரோடு ஊரையும் சொன்னவரின் தொழிலையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் என் பட்டியலைத் தொடங்கிவிட்டேன். முதற்பதிவு சாலைக் கடைவீதியில் கேட்ட அந்த மூன்று சொற்கள்.